பாதிக் கிளாஸ் சிவப்பு

அத்தியாயம் 7

பத்து மணிக்குப் புதுச்சேரியிலிருந்து போலீஸ் மோட்டார் வரும். வந்தால் இன்னாசிமுத்துவை ஏற்றிக்கொண்டு போகும். போனால் அவர் தலை தப்பாது. சூசைநாதனின் மண்டைக்குள் அன்று காலை இந்த மூன்று விஷயங்களுக்கு மேல் நாலாவதற்கு இடமில்லை.

மற்ற நாட்களில் அந்த மண்டை இப்படி இருக்காது. நாலு ஊருக்குப் பங்கு போட்டாலும் தீராத கிண்டல் அதில் இருக்கும். ஆனால் இன்னாசிமுத்து அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆகவே வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தவன், பழக்க தோஷத்தில்தான் வாயைத் திறந்தான்.

"ஐயா, மூச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிக்கினு ஒக்காருங்க. நீங்க மூச்சு வுடறப்ப எல்லாம் பின் சக்கரம் பெருமூச்சு வுடுது."

"பேசாமல் மிதி, சூசை," என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த அரங்கநாதன்.

"பேசாம மிதிச்சா அழுதுடுவேன். அழுதா வழி தெரியாது. ரெண்டு பேரும் வாய்க்கால்ல கெடப்போம். எது வசதின்னு சொல்லுங்க."

இருபது வருஷம் கோர்ட்டில் பிரெஞ்சைத் தமிழாகவும் தமிழைப் பிரெஞ்சாகவும் மாற்றிச் சொல்லும் வேலை பார்த்தவர் அரங்கநாதன். இரண்டு பாஷையிலும் ஒரே பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு, சூசைநாதனைத் துணைக்கு வைத்துக்கொண்டு துப்பறியக் கிளம்பினார். காப்பியைத் தவிர வேறு எதையும் குடித்தறியாத வைஷ்ணவர். அன்றைக்கு அவர் முன்னால் இருந்த வழக்கோ ஒரு கிளாஸ் ஒயினைப் பற்றியது.

விஷயம் இதுதான். பாகூர் ஏரிப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் போட்டிருந்த பெரிய பண்ணைக்காரர் மணவாளன். டவுனில் வெள்ளைக்காரர்களோடு பழகி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சிவப்பு ஒயின் குடிக்கும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர். அதற்கென்றே, பதினைந்து வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக் குசினியில் சமையல் வேலை பார்த்த இன்னாசிமுத்துவைக் கொண்டுவந்து வைத்திருந்தார். முந்தாநாள் ராத்திரி மணவாளன் ஒரு கிளாஸ் குடித்தார். இரண்டாவதில் பாதி குடித்துவிட்டு, "மீதி நாளைக்கு மத்தியானத்துக்கு ஆகும், மூடி வை" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். விடிவதற்குள் வாயிலெடுத்து, வெட்டி வெட்டி இழுத்து, செத்துப்போனார். அவர் எடுத்த வாந்தியை நக்கிய நாயும் செத்துப்போனது. விஷம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஊற்றிக் கொடுத்தது இன்னாசிமுத்து. மூன்று நாள் முன்னால் மீன் தீய்ந்துபோனதற்காகப் பண்ணையாட்கள் பார்க்க மணவாளனிடம் அறை வாங்கியதும் அதே இன்னாசிமுத்து. போலீசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வேண்டியிருந்தால் அதையும் அவரே கொடுத்தார். "நீதான் விஷம் வச்சியா?" என்று கேட்டதற்கு, "எது வந்தாலும் எனக்குத் தகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வண்டிக் கொட்டகையில் அவரை ஒரு தூணோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். சூசைநாதன் உள்ளே போனபோது அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி ரோசம்மாள் நின்றிருந்தாள். அவள் இடுப்பில் ஐந்து வயது மகள் லூர்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் சூசை வந்துருக்கறேன். ஐயாவையும் இட்டாந்துருக்கறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு. நான் வைக்கலன்னு சொல்லு, போதும்."

"வுட்டுடு சூசை."

"இன்னாத்த வுடச் சொல்ற?"

"எனக்கு வர வேண்டியதுதான் வருது. நீ குறுக்க நிக்காத."

அரங்கநாதன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "குற்றம் செய்தவன் பயப்படுவான். செய்யாதவன் கோபப்படுவான். உன் அண்ணன் இரண்டும் இல்லை, தண்டனைக்கு வரிசையில் நிற்கிறவர் மாதிரி இருக்கிறார்," என்று வெளியே வந்ததும் சொன்னார். மணி ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

வீட்டுக் கூடத்தில் பிரிகாதியே சுப்பராயலு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். போலீசில் அந்தப் பக்கத்துக்கு அவர்தான் பெரியவர். கெட்டவர் இல்லை, ஆனால் எழுதி முடித்த காகிதத்தின்மேல் அபார பக்தி உள்ளவர். அவருக்குப் பின்னால் செத்தவரின் தம்பி தணிகைவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்வாசற்படியில், தலையை முக்காடிட்டு, மணவாளன் மனைவி கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

சுவர் மாடத்தில், சாசரால் மூடி அரக்கு முத்திரை வைத்து, அந்தப் பாதிக் கிளாஸ் இருந்தது.

"நான் அதைப் பார்க்க வேண்டும்," என்றார் அரங்கநாதன்.

"கிட்டவே யாரும் போவறதில்ல. வெஷம்," என்றார் சுப்பராயலு. "மோட்டார்ல அதுவும்தான் போவுது. டவுன் டாக்டர் பாப்பாரு."

"நான் குடிக்கப் போவதில்லை. கண்ணால் பார்த்தால் தீட்டா?"

"பிரிகாதியே ஐயா, தாராளமா காட்டுங்க," என்று சூசைநாதன் நடுவில் புகுந்தான். "எங்க ஐயா அதக் குடிச்சாலும் ஒண்ணும் ஆவாது. வெஷத்துக்கே காப்பிப் பித்தம் தலைக்கேறிடும். ஆனா ஒண்ணு எழுதிக்குங்க. எங்க அண்ணனுக்கு அந்த ஒயின ஊத்தத்தான் தெரியும். மூணு வருஷமா ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. மாதா கோயில்ல நேந்துக்கினவரு. அப்படிப்பட்ட மனுஷன் வெஷம் வைப்பாரா?"

"எழுதியாச்சு," என்றார் சுப்பராயலு. "நேத்தே உங்க அண்ணி சொன்னாங்க. குடிக்கறதில்லன்றதுக்கும் வெஷம் வைக்கறதில்லன்றதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. அது எப்படிப்பட்ட சம்பந்தம் என்று அப்போது சூசைநாதனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

அரங்கநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சூசை, நான் ஒயினைக் கண்டவன் இல்லை. நல்லது எது, கெட்டது எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

தெரியும். அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பிரெஞ்சுக்காரர் வீட்டுக் குசினியில், எசமானர் சாப்பிட்டு எழுந்ததும், தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கிளாசை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "மொதல்ல கண்ணு குடிக்கணும்டா. அப்புறம் மூக்கு. வாய் கடைசில. கண்ணு வேணாம்னு சொன்னா மத்த ரெண்டுக்கும் வேலை இல்ல." அந்த மனிதர் இப்போது தூணில் கட்டிக் கிடக்கிறார்.

"தெரியும் ஐயா. கண்ணு, மூக்கு, அப்புறம்தான் வாய்னு எங்க அண்ணன் சொல்லுவாரு. பாக்கறதுன்னா மொதல்ல நல்ல ஒயின் ஒரு கிளாஸ்ல வேணும், பக்கத்துல வச்சுப் பாக்க. அப்புறம் வெள்ளைத் துணி."

பாட்டில் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. அந்தச் சாவி மணவாளன் உயிரோடு இருந்தவரை அவர் அரைஞாணை விட்டு இறங்கியதில்லை, இப்போது சுப்பராயலுவிடம் இருந்தது. அவர் முனகிக்கொண்டே திறந்தார். சூசைநாதன் பாட்டிலை ஆட்டாமல், அசைக்காமல், அண்ணன் செய்வதைப் போலவே சாய்த்து, கழுவித் துடைத்த கிளாசில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினான். ஜன்னலடியில் வெள்ளை வேட்டியை விரித்து, அதற்கு மேலே கிளாசைச் சாய்த்துப் பிடித்தான்.

"நடுவுல பாருங்க, நாவப்பழக் கறுப்பு. ஓரத்துக்கு வரவர வெளுத்து, கடைசி விளிம்புல செங்கல் நெறம். வயசான ஒயின். கிளாசுக்கு அந்தாண்ட துணியோட நூல் தெரியுது இல்ல? அவ்வளவு தெளிவு. இப்ப நிமித்தறேன். உள்பக்கச் சுவத்தப் பாருங்க."

கண்ணாடியின் உட்சுவரில் மெல்லிய கோடுகள் இறங்கின. அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

"இதக் கண்ணீர்னு சொல்லுவாரு எங்க அண்ணன். நல்ல ஒயின் கிளாசுக்குள்ள அழுவும். சீக்கிரமா ஓடாது."

"இப்போது அதைப் பார்," என்றார் அரங்கநாதன்.

அரக்கை உடைத்து சாசரை எடுத்தார்கள். தணிகைவேல் இரண்டடி பின்னால் போய் நின்றார். சூசைநாதன் அந்தப் பாதிக் கிளாசை ஜாக்கிரதையாகத் தூக்கி, வேட்டிக்கு மேலே சாய்த்தான்.

சிவப்புதான். ஆனால் நடுவிலும் அதே சிவப்பு, ஓரத்திலும் அதே சிவப்பு. விளிம்பில் மட்டும் மஞ்சள். கிளாசுக்கு அந்தப் பக்கம் துணியின் நூல் தெரியவில்லை, கலங்கல். அடியில் பொடியாக மண்டி. நிமிர்த்தினான். சுவரில் கண்ணீர் இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி சட்டென்று வழிந்து இறங்கிவிட்டது.

அவன் மறுபடியும் சாய்த்தான், மறுபடியும் நிமிர்த்தினான்.

"இன்னாய்யா?" என்றார் சுப்பராயலு. "வெஷம் கலந்தா கலங்கத்தானே செய்யும்? பழைய ஒயின்ல மண்டி இருக்கும்னு நான்கூட கேள்விப்பட்டிருக்கறேன்."

"பாட்டில்ல இருக்கும், கிளாஸ்ல இருக்காது. எங்க அண்ணன் ஊத்தற கிளாஸ்ல ஒரு துளி மண்டி வந்தா அவரு அன்னிக்குச் சோறு திங்க மாட்டாரு. அது கெடக்கட்டும்." சூசைநாதன் கிளாசை வேட்டிமேல் வைத்தான். "இது கலங்கிப்போன ஒயின் இல்ல. இது ஒயினே இல்ல."

அரங்கநாதன் கொல்லைப் பக்கம் திரும்பி, "ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

பழம் வந்தது. கிளாசிலிருந்து ஒரு கரண்டி எடுத்து சாசரில் விட்டார். அதன்மேல் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தார். சிவப்பு அப்படியே வெளிறி, எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. பக்கத்தில் நல்ல ஒயினில் ஒரு கரண்டி எடுத்து, அதிலும் பிழிந்தார். அது சிவப்பாகவே இருந்தது.

முதலில் பேசியது கஸ்தூரி. இரண்டு நாள் அழுதிருந்த குரல்.

"ஆரத்தித் தண்ணி. மஞ்சளும் சுண்ணாம்பும்."

"நீங்கள் கரைத்ததா, அம்மா?"

"புது மாட்டு ஜோடி வர இருந்துது. சாயங்காலமே வந்துடும்னு சொம்புல கரைச்சு வச்சேன். ஒரு மாட்டுக்குக் கால்ல ஏதோ குத்திடுச்சாம், விடிஞ்சுதான் ஓட்டியாருவேன்னு ஆள் வந்து சொன்னான். அப்படியே தாழ்வாரத்துல மூடி வச்சேன். அப்புறம் யாரு மாட்டப் பாத்தா, யாரு ஆரத்தியப் பாத்தா."

சொம்பு இன்னும் தாழ்வாரத்திலேயே இருந்தது. எடுத்து வந்து பார்த்தார்கள். அதே சிவப்பு. கழுத்து வரைக்கும் கரைத்ததாகக் கஸ்தூரி சொன்னாள். இப்போது முக்கால்தான் இருந்தது.

சூசைநாதனுக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. "மாத்திட்டாங்க. எவனோ மாத்தி வச்சிருக்கறான். இப்ப இன்னா சொல்றீங்க பிரிகாதியே ஐயா? கிளாஸ்ல இருக்கறது மாட்டுக்கு வச்ச ஆரத்தி. மாட்டைப் புடிச்சு மோட்டார்ல ஏத்துங்க."

"சிரிக்கற நேரமா இது?" என்றார் தணிகைவேல். அதிராமல், நிதானமாகவே சொன்னார். "எவனோன்னா எவன்? கிளாஸ் யார் கையில இருந்துது? மூடி வச்சது யாரு? எங்கண்ணன் குடிச்ச மிச்சத்துல வெஷம் இருக்குதுன்னு அவனுக்குத்தான் தெரியும். கீழ கொட்டிட்டு, கண்ணுல படாம இருக்கட்டும்னு இத ஊத்தி வச்சிட்டான். நீங்களே கண்டுபுடிச்சுக் குடுத்துட்டீங்க."

சுப்பராயலு பேனாவை மையில் தோய்த்தார். பக்தியோடு எழுத ஆரம்பித்தார்.

சூசைநாதன் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்தான். இத்தனை நேரம் அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அண்ணன் சொல்லிக் கொடுத்த கண்ணாலேயே பார்த்து, அண்ணன் கழுத்துக்கு இன்னொரு முடிச்சைப் போட்டுக் கொடுத்தாயிற்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒயின்தான், நல்ல ஒயின்தான் என்று சொல்லியிருக்கலாம். மணி ஒன்பது நாற்பது. அந்தச் சமயம் பார்த்து ஏரிக்கரைப் பக்கம் மோட்டார் ஹாரன் கேட்டது. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"ஐயா," என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கிண்டலும் வரவில்லை. அரங்கநாதன் அவனைப் பார்த்தார். பத்து வருஷத்தில் சூசைநாதன் வாய் சும்மா இருந்து அவர் பார்த்ததில்லை.

"எழுதுவதை நிறுத்துங்கள், பிரிகாதியே. ஒரு கேள்வி. கொலை செய்தவன் கிளாசைக் காலி செய்தால் அடுத்து என்ன செய்வான்?"

"கழுவி வைப்பான்."

"அதுதானே? தண்ணீர் பத்தடியில் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இவன் கழுவவில்லை. தாழ்வாரம் வரைக்கும் போய், சொம்பைத் திறந்து, கொண்டுவந்து ஊற்றியிருக்கிறான். எவ்வளவு ஊற்றியிருக்கிறான், பார்த்தீர்களா?"

கிளாசை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். உட்சுவரில் மெல்லிசாக ஊதா நிறத்தில் ஒரு வளையம். முன்பு ஒயின் நின்ற மட்டம். ஆரத்தித் தண்ணீர் அந்த வளையத்தை முடி அளவு பிசகாமல் தொட்டுக்கொண்டு நின்றது.

"கஸ்தூரி அம்மா, இந்த வீட்டில் மிச்ச ஒயினை யாராவது அளந்து பார்ப்பது உண்டா?"

"அவருதான்," என்றாள் கஸ்தூரி. "மிச்சம் வச்ச அன்னிக்கெல்லாம் விடிஞ்சதும் நேரா கிளாசண்ட வந்து வெரல வச்சுப் பாப்பாரு. அப்புறம்தான் பல்லு வெளக்கப் போவாரு."

"அவருக்காகத்தான் இந்த அளவு. விடிந்ததும் மணவாளன் எழுந்து வருவார், விரலை வைத்துப் பார்ப்பார் என்று பயந்தவன்தான் இதை நிரப்பியிருக்கிறான். விஷம் வைத்தவனுக்கு அந்தப் பயம் எதற்கு? மணவாளன் எழுந்து வரமாட்டார் என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தானே."

சுப்பராயலுவின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை காகிதத்தில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நிரப்பினவன் கொலைகாரன் இல்லை. சரி. அப்படியானால் ஒயின் எங்கே போனது?" அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். "சூசை, பாட்டிலுக்குப் பூட்டு. சாவி எசமானர் இடுப்பில். பதினைந்து வருஷம் ஒயினோடு புழங்கி, மூன்று வருஷம் வாயில் வைக்காத ஒருவர். கண்ணும் மூக்கும் குடித்துவிட்ட ஒன்று, மூடி வைக்கச் சொல்லிக் கையில் கிடைக்கிறது. கூடத்தில் யாரும் இல்லை."

சூசைநாதனுக்குப் புரிந்தது. அண்ணன் குடித்திருக்கிறார். மணவாளன் கிளாசில் வைத்த மிச்சத்தை, அதே ஒயினை, அதே ராத்திரியில் குடித்திருக்கிறார். குடித்துவிட்டு உயிரோடு தூணில் கட்டிக் கிடக்கிறார். அப்படியானால் ஒயினில் விஷம் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் நேற்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். எங்க அண்ணன் ஒரு சொட்டு தொட மாட்டார் என்று அரைமணிக்கு முன்னால் எழுதிக்கொள்ளச் சொன்னது யார்?

அவன் ஓடினான்.

"அண்ணே, நீ குடிச்சியா?"

இன்னாசிமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார். அரங்கநாதனும் சுப்பராயலுவும் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். வேலிக்கு அப்பால் மோட்டார் வந்து நின்று உறுமியது.

"அண்ணே, உன் கால்ல வுழறேன். குடிச்சேன்னு ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைல கட்டு அவுந்துடும்."

"அவுந்துடும்டா, எனக்குத் தெரியாதா?" இன்னாசிமுத்துவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "லூர்துக்குக் காச்சல் வந்து கெடந்தப்ப இன்னா நேந்துக்கினேன்? வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணிய அவ நெத்தில தெளிச்சு, இனிமே தொட்டா என்னை எடுத்துக்கோன்னு சொன்னேன். கொழந்த கண்ணத் தொறந்துது. மூணு வருஷம் காப்பாத்தினேன். அன்னிக்கு ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்டா. விடிஞ்சா எசமான் பொணம். இது தண்டன இல்லாம வேற இன்னா? நான் வாங்கிக்கினா என்னோட போவும். பேசித் தப்பிச்சுக்கினா அது அவ மேல போவும். வேணாம். என்ன ஏத்தி அனுப்பிடுங்க."

சுப்பராயலு தொண்டையைச் செருமினார். "குடிச்சதுக்குச் சாட்சி?" என்றார், தயங்கித் தயங்கி. "தம்பி கெஞ்சறான், அண்ணன் ஒத்துக்கறாரு. இத எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க."

"நான் சாட்சி."

ரோசம்மாள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். பிள்ளையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"அன்னிக்கு ராத்திரி வூட்டுக்கு வந்தப்பவே வாடை வந்துது. கேக்கல. கேட்டா வெளில வந்துடும், வெளில வந்தா நேத்திக்கடன் ஒடஞ்சுதுன்னு ஆயிடும்னு சும்மா இருந்தேன். நேத்து போலீசு கேட்டப்பவும், அவரு தொடறதே இல்லன்னு பொய் சொன்னேன். மானத்தக் காப்பாத்தறேன்னு நெனச்சேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "நீ மீறின. நான் மறச்சேன். தண்டன உனக்கு மட்டும் எப்படி வரும்? வர்றதுன்னா ரெண்டு பேருக்கும் வரட்டும். அப்பன் இல்லாம இவள நான் எப்படி வளப்பேன், அதச் சொல்லு மொதல்ல."

இன்னாசிமுத்து அழுதார். வயதான ஆண்பிள்ளை அழுவதை நின்று பார்ப்பது கஷ்டம். சுப்பராயலுகூட மோட்டார் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"குடிச்சேன்," என்றார் இன்னாசிமுத்து. "முழுசும் குடிச்சேன். காலைல அவரு வெரல வச்சுப் பாத்துட்டுப் போனப்புறம், ஈ வுழுந்துடுச்சுன்னு சொல்லிக் கொட்டிடலாம்னு இருந்தேன்."

கூடத்துக்குத் திரும்பியபோது தணிகைவேல் அதே இடத்தில் நின்றிருந்தார். அரங்கநாதன் மேசைமேல் இருந்த காகிதங்களில் ஒன்றைத் தேடி எடுத்து சுப்பராயலுவிடம் நீட்டினார்.

"நேற்று காலையில் தணிகைவேல் கொடுத்த வாக்குமூலம். நடுவில் ஒரு வரி இருக்கிறது. சத்தமாகப் படியுங்கள்."

சுப்பராயலு படித்தார். "அண்ணன் இறந்ததும் சந்தேகப்பட்டு, கிளாசைத் திறந்து, குனிந்து முகர்ந்தேன். ஒயினின் புளிப்பு நெடியோடு வேறு ஏதோ கசப்பு நெடி வீசியது. அதன் பிறகே மறுபடியும் சாசரால் மூடி..."

படித்தவர் தாமாகவே நிறுத்தினார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும்," என்றார் அரங்கநாதன். "அந்நேரம் கிளாசில் இருந்தது அதுதான். ஒயின் நெடி எங்கிருந்து வந்தது, தணிகைவேல்?"

"பயத்துல... அப்படித் தோணிச்சு."

"தோன்றவில்லை. நீங்கள் முகரவே இல்லை. சிவப்பாக இருந்தது, ஒயின் என்று நினைத்துவிட்டீர்கள். உங்களுக்குக் கிளாசில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். எல்லோரும் கிளாசையே பார்க்க வேண்டும், வேறு எதையும் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் உங்களுக்கு வேண்டியது. கஸ்தூரி அம்மா, ஒயினுக்குப் பிறகு உங்கள் வீட்டுக்காரர் வேறு என்ன சாப்பிட்டார்?"

கஸ்தூரி முக்காட்டை விலக்கினாள். இரண்டு நாளில் முதல் தடவையாகக் கொழுந்தனை நேராகப் பார்த்தாள்.

"சோறு தின்னாரு, என்னோடதான். நானும் அதையேதான் தின்னேன். அப்புறம் சுக்குப் பால். நான்தான் காச்சினேன். குடுங்க அண்ணி, நான் கொண்டுபோறேன்னு வாங்கிக்கினு போனீங்க. இத்தன வருஷத்துல ஒரு நாள் அப்படி வாங்கிக்கினு போனதில்ல. எங்க தங்கச்சி புள்ளையத் தத்து எடுத்து, பண்ணைய அவனுக்கே எழுதறேன்னு அவரு சொன்ன அன்னிக்குத்தான் போனீங்க. டம்ளரக்கூட நீங்களே கழுவி வச்சிருந்தீங்க."

தணிகைவேல் மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"மிச்சத்த டவுன்ல கேட்டுக்குவாங்க," என்று சொல்லி, சுப்பராயலு அதுவரை எழுதிய காகிதத்தை நாலாகக் கிழித்தார். அதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சிப்பாய் வண்டிக் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அதே கயிறு, வேறு கை. பத்து மணிக்கு மோட்டார் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போயிற்று.

சூசைநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியரில் லூர்து உட்கார்ந்திருந்தது. அரங்கநாதனும் ரோசம்மாளும் முன்னால் நடந்தார்கள். இன்னாசிமுத்து வீட்டுப் பாதையில் திரும்பவில்லை. வில்லியனூர்ச் சாலையில் நடந்தார், வெறுங்காலோடு.

"கோயிலுக்கா?" என்று கேட்டான் சூசைநாதன்.

"ம்."

அவனுக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எசமான் மிச்சத்தைக் குடித்துப் பிழைத்த பட்லரைப் பற்றி, மாடுகளுக்கு வைத்த மரியாதையை வாங்கிக்கொண்ட கிளாசைப் பற்றி, எத்தனையோ இருந்தது. வாயைத் திறந்தான். அண்ணன் நின்றுவிட்டார்.

லூர்துவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு புறங்கையால் பார்த்தார். கழுத்தடியில் பார்த்தார். கால் மைல் போவதற்குள் அது ஐந்தாவது தடவை.

"காச்சல் இல்ல," என்றார். "நீ பாரு."

சூசைநாதன் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தான்.

"இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்கறேன்."

கையை எடுக்காமலே சொன்னான். குழந்தை அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்குப் பசிக்குது என்றது.